பெட்டியடியில் ஒரு வேலை

வெளிநாட்டு வேலைக்கு இன்று பயோடேட்டா, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண், லிங்க்ட்இன் கணக்கு எல்லாம் வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் காரைக்குடியிலிருந்து பர்மாவின் ரங்கூனுக்குக் 'கொண்டுவிக்க' (வட்டித் தொழிலுக்கு)ப் போன நகரத்தார் (செட்டியார்) வீட்டுப் பையனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பேரன்? இதற்குப் பதில் வந்தால் கப்பல் ஏறுமுன்பே வேலை உறுதி. நகரத்தாரின் குலப்பிரிவுகளான ஒன்பது நகரக் கோயில்களை விஞ்சிய மனிதவளத் துறை இன்னும் பிறக்கவில்லை.

தகுதி, வாய்க்கணக்கு. சேர்ந்ததும் பதவி, பெட்டியடிப் பையன்: கணக்குப் பெட்டியருகே சம்மணமிட்டு எழுதுவான், எடுபிடியும் அவனே. பிறகு அடுத்தாள், கெட்டிக்காரனென்றால் ஏஜெண்டு. தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. சம்சாரம் ஊரில். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல வட்டிக் கடைகள். பகலில் வட்டி எழுதிய இடத்திலேயே ராத்திரி பாய் விரிப்பார்கள். அலுவலகத்துக்குத் தாமதமாக வர வழியே இல்லை!

ஆள்சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி அதே பர்மாவுக்குக் கப்பலேறிய கூலிக்காரருக்கோ, முதல் நாளே கடன்.

1930களின் பொருளாதார மந்தத்தில், பர்மிய விவசாயிகளுக்குச் செட்டியார்கள் கொடுத்த கடன் திரும்பவில்லை, அடகு வைத்த வயல் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25. கூடவே பர்மியரின் கோபமும் வட்டியாக ஏறியது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் அவர்கள் கட்டிய வீடுகள் சில இப்போது ஹோட்டல். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே படுக்க இரவு வாடகை. வட்டி இல்லை, ஜிஎஸ்டி உண்டு.