பேக்கரி சபாநாயகர்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள் என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. கோயமுத்தூர்க் கணக்குப்படி பேக்கரிக்கு ஒருவர் கூடுதல். மற்ற ஊர்களில் அரசியல் டீக்கடையில் நடக்கும். இங்கே டீயே பேக்கரியில்தான் என்பதால் அரசியலும் பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் நடுவில் நடக்கிறது. பீளமேட்டிலிருந்து பல்லடம் வரை, தெற்கே பொள்ளாச்சி வரை, எந்த பேக்கரிக்குப் போனாலும் காலை ஆறரை மணிக்கு இவர் இருப்பார்.

வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கண்ணாடிக்குக் கழுத்தில் ஒரு கயிறு. மூடிப்போன ஏதோ ஒரு மில்லின் டைம் ஆபீஸில் இருந்திருப்பார். இல்லையென்றால் மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கிணத்துக்கடவுப் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கும், அது குத்தகைக்குப் போயிருக்கும். எக்ஸ்எல் வண்டியை வாசலில் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் அவசரக்காரர்கள் டீயை ஊதாமலே விழுங்கிவிட்டுக் கிளம்புவார்கள். மிச்சம் இருப்பவர்கள்தான் சபை.

கட்சிக்காரர் அல்ல. எந்தக் கட்சி என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். "நமக்குக் கட்சியெல்லாம் இல்லீங். சபை நடவடிக்கை மட்டும் பாக்கறதுங்" என்பார். யார் பேசினார், என்ன பேசினார் என்பதெல்லாம் பிறகு. எந்த விதியின் கீழ் பேசினார் என்பதுதான் அவருக்கு முதலில் தெரியவேண்டும். 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்களே, அதிலிருந்து மனிதருக்குக் காலை டிபன் பத்தரைக்கு மேல்தான். கூட்டத்தொடர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டால், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அப்பனைப் போல நாலு நாள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

பேக்கரியில் அவருடைய ஆட்சி எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டீ விலை 12-லிருந்து 15 ஆன அன்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் எழுந்து நின்று வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். "மானியக் கோரிக்கையில நூறு ரூபா கொறைக்கோணுமுன்னு தீர்மானம் குடுப்பாங். நூறு ரூபா கொறையாதுங், ஆனா நம்ம அதிருப்தி குறிப்புல ஏறும். அதாட்ட, டீயில ஒரு ரூபா" என்றார். கல்லாவில் இருந்த ஓனர் நிமிரவே இல்லை. "மொதல்ல பழைய பாக்கியக் குடுங், அப்பறம் வெட்டிக்கலாமுங்" என்றார். தீர்மானம் தோற்றது. நிதித்துறை இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய நினைவில் உள்ள சட்டமன்றம் முழுவதும் கொங்கு நாட்டுக்காரர்களால் நிரம்பியது. அதில் தப்பும் இல்லை. நாடு விடுதலையான பிறகு முதல் பட்ஜெட்டைப் படித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயமுத்தூர்க்காரர். அதற்கு முன்பே தில்லி மத்திய சட்டசபைக்குத் தலைவராக உட்கார்ந்தவர். 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை சட்டமன்றத்தில் அவை முன்னவராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நம்மாளுங்க இல்லாம சபை நடந்ததே இல்லீங்" என்று டம்ளரை வைப்பார்.

ஆனால் அவருக்கு மிகப் பிடித்தது 1972. டிவி ரிமோட்டுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் போதும், டிசம்பர் 2-ஆம் தேதிக்குப் போய்விடுவார். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டிருந்த நேரம். சபாநாயகர் கே.ஏ. மதியழகன் எம்.ஜி.ஆரைப் பேச அழைக்கிறார். ஆளும் கட்சியோ சபாநாயகர் மீதே நம்பிக்கையில்லை என்கிறது. துணை சபாநாயகர் சீனிவாசனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி. ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில், இரண்டு சபை! "நாக்காலி ரெண்டு, சபை ரெண்டு, ஆனா சம்பளம் ஒண்ணுதானுங்" என்று சிரிப்பார். மதியழகனும் உடுமலைப் பக்கம் கணியூர்க்காரர்தான் என்பதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளத் தவறமாட்டார்.

2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டால் ஒரு டீ போதாது. முதலமைச்சர் எடப்பாடிக்காரர், சபாநாயகர் தனபால் அவினாசித் தொகுதிக்காரர், கூவத்தூரிலிருந்து கிளம்பி வந்து வாக்கெடுப்புக்கே போகாமல் இருந்தவர் கோவை வடக்குத் தொகுதிக்காரர். "அன்னிக்குக் கோட்டையே நம்மூருதானுங்!" ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது, ரகளை, சபாநாயகரின் கிழிந்த சட்டை, ஸ்டாலினின் கிழிந்த சட்டை எல்லாம் ஊரே பார்த்தது. அவர் சட்டையைப் பற்றிப் பேசமாட்டார். எண்ணிய முறையைப் பற்றித்தான் பேசுவார். உறுப்பினர்களை வரிசை வரிசையாகப் பிரித்து, எழுப்பி நிறுத்தித் தலை எண்ணினார்கள், 122-க்கு 11. "குரல் வாக்கெடுப்புன்னா யாரு என்ன சொன்னாங்கன்னு ஏட்டுல இருக்காதுங். எண்ணிக் கணிச்சாத்தான் பேரு ஏறும். அதுக்குத்தான் அத்தனை பயம்" என்பார். சொன்னது அவர்தான் என்றாலும், இது சரியான பேச்சு.

அந்த முறையைப் பேக்கரியிலேயே ஒருநாள் நடத்திக் காட்டினார். 2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிறது என்று சொல்லிக் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்துவிட்டன. மசோதா குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. பட்டறைகளும் மில்களும் உள்ள ஊரில் இது எப்படிப் பற்றி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை பேக்கரி நிரம்பிவிட்டது.

லேத் பட்டறை வைத்திருப்பவர் மசோதாவை ஆதரித்தார். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறவில்லை, நாலு நாள் சேர்த்து வேலை செய்தால் மூன்று நாள் லீவு என்று அரசு சொன்ன விளக்கத்தையே சொன்னார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஸ்பின்னிங் மில் தம்பி பன்னைக் கையில் பிடித்தபடி, "ஏனுங்ணா, பன்னெண்டு மணி நேரம் நின்னா அஞ்சாவது நாளு காலு இருக்குமாங்?" என்றான். விசைத்தறிக்காரர் ஒருவர், தான் இப்போதே அதற்கு மேல்தான் நிற்பதாகவும் தனக்கு எந்த மசோதாவும் வேண்டாம் என்றும் தகவல் கோரி எழுந்தார். நம்மவர் அவரை உட்கார வைத்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏற்போர் ‘ஆம்’ என்க" என்றார்.

பட்டறைக்காரர் ஒருவர் சொன்ன ‘ஆம்’ சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. லேத் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"மறுப்போர் ‘இல்லை’ என்க."

ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். பாதிப் பேர் வாயில் பன், மீதிப் பேருக்கு நைட் ஷிஃப்ட் தூக்கம்.

"ஆம் என்போரே அதிகம். மசோதா நிறைவேறியது" என்றார் நம்மவர்.

மில் தம்பி விடவில்லை. "அதென்னுங்ணா, ஒரு ஆளு கத்துனா அதிகமாயிருமா? எண்ணுங்" என்றான். நம்மவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்றுதான் அவர் இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார். பெஞ்சு பெஞ்சாகப் பிரித்தார். உடனே சட்டச் சிக்கல்கள் கிளம்பின. டீ மாஸ்டருக்கு ஓட்டு உண்டா? கிடையாது, அவர் அவைச் செயலகம். வாசலில் பைக் மேல் உட்கார்ந்து டீ குடிப்பவர் சபைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? டம்ளர் பேக்கரியுடையது என்பதால் உள்ளே இருப்பதாகவே கருதப்படும். பார்சல் வாங்க வந்தவர்? பார்வையாளர் மாடம். எண்ணி முடித்தபோது மசோதா தோற்றிருந்தது. பட்டறைக்காரர் வெளிநடப்பு செய்தார். ஆர்டர் வேலை கிடந்தது.

சென்னையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்தது. மூன்றாம் நாளே மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேக்கரி மகிழ்ந்தது. நம்மவர் மட்டும் மகிழவில்லை. "வெளிநடப்பு பண்ணுனா எதிர்த்து ஓட்டுப் போட்ட கணக்காகாதுங். உள்ள உக்காந்து ‘இல்லை’ன்னு சொல்லி, எண்ணுங்கன்னு கேட்டிருக்கோணும். நம்ம மில்லுப் பையனுக்குத் தெரிஞ்சது அவுங்களுக்குத் தெரியலியே" என்று அடுத்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ‘ஆம்’ வாங்கிக்கொண்டு போகும் வேகத்தைப் பார்க்கும்போது எனக்கும் அவர் கட்சிதான். அவருக்குக் கட்சி கிடையாது என்பது வேறு.

அவர் சபையில் கால வரம்பில்லாமல் பேச அனுமதி ஒரே ஆளுக்குத்தான்: தோட்டத்துக்காரர். இலவச மின்சாரத்தைப் பற்றி யாராவது எகத்தாளமாகப் பேசினால் அவர் எழுந்துவிடுவார். மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 1972-இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் வந்து கோயமுத்தூர் ரோடுகளை அடைத்ததையும், 1990-இல்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆனதையும் சொல்லுவார். "இலவசமுன்னு சொல்லாதீங் மாப்ள. நாங்க வெல குடுத்துட்டமுங்" என்பார். அப்போது மட்டும் நம்மவர் மணி அடிப்பதில்லை. (மணி என்பது ஸ்பூனும் டம்ளரும்.)

சபைக்கு இவ்வளவு ஒழுங்கு வைத்திருப்பவர் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். வீட்டில் விதி 110. ஜெயலலிதா காலத்தில் ஊருக்கே மனப்பாடமான விதி அது: அறிக்கை படிப்பார்கள், அதன் மேல் விவாதம் கிடையாது. "ஏனுங், நாளைக்குத் தாராபுரத்துல இருந்து ஒறம்பரை வர்றாங். மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துருங்" என்று சமையலறையிலிருந்து அறிக்கை வரும். மேசையைத் தட்டி வரவேற்பது மட்டுமே அவருக்கு விடப்பட்டிருக்கும் உரிமை.

2021 தேர்தலில் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்கே போனபோது அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 ஓட்டில் தோற்றதை ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பத்தும் எதிர்வரிசைங். மாவட்டத்துல ‘ஆம்’ சொல்ல ஆளே இல்லீங்" என்றார். அதைவிடப் பெரிய சங்கடம் 2024 ஆகஸ்ட் 17 அன்று வந்தது. அறுபது வருடக் கோரிக்கை என்று அவரும் அவர் அப்பாவும் பேசிப் பேசித் தேய்த்த அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தை அன்றைக்குத் திறந்தே விட்டார்கள். குளங்களுக்குத் தண்ணீர் வந்தது. அவருக்குப் பேச்சு வறண்டது. ஒரு வாரம் கழித்துத் தெம்பாக வந்து உட்கார்ந்தார். "ஆனைமலையாறு–நல்லாறு இருக்குதில்லீங்? அது முடிஞ்சா பாண்டியாறு–புன்னம்புழா இருக்குது" என்றார். கேரளாவும் சேர்ந்து சம்மதிக்கவேண்டிய திட்டங்கள். பேரன் காலத்துக்கும் தாங்கும்.

இவ்வளவு தெரிந்தவர் தேர்தலில் நிற்கவில்லையா என்றால், நின்றார். 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்குச் சுயேச்சை. பேக்கரியே திரண்டு வேலை பார்த்தது. டீச் செலவு மட்டும் அவருடையது. கட்டுத்தொகை போய்விட்டது. விழுந்த ஓட்டு, பேக்கரியில் அவர் கணக்கில் டீ குடித்தவர்களின் தொகையைவிடக் குறைவு. ஆறுதல் சொல்லப் போனவர்களிடம், "ரகசிய ஓட்டுங்கறதாலதானுங் இப்படி. குரல் வாக்கெடுப்பா இருந்திருந்தா பாத்திருக்கலாமுங்" என்றார். எண்ணிக் கணிப்பதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர் கொள்கை மாறியது அன்றைக்கு ஒருநாள்தான்.

மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களில் யார் என்ன கேள்வி கேட்டார், எந்த அமைச்சர் என்ன பதில் சொன்னார், சொன்னபடி பாலம் வந்ததா என்று கேட்டால் தேதியோடு சொல்ல எங்கள் பகுதியில் இவரைவிட்டால் ஆள் கிடையாது. வேலை இருந்தால் நீங்களும் போய்க் கேளுங்கள். ஆனைமலையாறு பற்றி மட்டும் கேட்காதீர்கள். கேட்டே தீரவேண்டுமென்றால் அன்றைக்கு பஸ் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள், டீக்குக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர் கணக்கில் ஏற்கெனவே நிறைய ஏறிக் கிடக்கிறது.