விஞ்ஞானிகளைக் கலைப்பது எப்படி?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிர்வாகியாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு வாழ்த்துகள். மேசைக்கு வரும் முதல் கோப்புகளில் நுண்துகள் கோப்பு கட்டாயம் இருக்கும். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள தூசு அது. நுரையீரலோடு நிற்காமல் ரத்தம் வரை போகும். ஒரு கன மீட்டர் காற்றில் அது எத்தனை மைக்ரோகிராம் இருக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எண்ணைக் குறைத்தால் மின்நிலையக்காரர்களும் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். குறைக்காவிட்டால் சாகப்போகிறவர்கள் வந்து நிற்க மாட்டார்கள்; தாங்கள்தான் அவர்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆக, முடிவெடுப்பதில் சிரமமில்லை. எழுதுவதில்தான் சிரமம்.

‘தொழிலுக்குச் செலவாகும்’ என்று மறந்தும் எழுதிவிடாதீர்கள். இந்த அளவை நிர்ணயிக்கும்போது செலவைப் பார்க்கவே கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. உடல்நலம் ஒன்றே கணக்கு. எனவே உங்கள் செலவுக் கவலை முழுவதும் அறிவியல் சந்தேகம் என்று வேடம் கட்டிக்கொண்டுதான் மேடையேற வேண்டும்.

அங்கேதான் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது தூய காற்று அறிவியல் ஆலோசனைக் குழு. 1977 சட்டத் திருத்தத்தில் பிறந்தது. ஏழு பேர். அவர்களில் ஒருவர் தேசிய அறிவியல் கழக உறுப்பினராகவும், ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் மாநிலக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பிரதிநிதியாகவும் இருக்க வேண்டும். அவர்கள் சொல்வது வெறும் ஆலோசனை, உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலிருந்து விலகினால் ஏன் விலகினீர்கள் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காரணத்தை நீதிபதிகள் படிப்பார்கள். 2006-இல் ஆண்டுச் சராசரி 13 அல்லது 14 மைக்ரோகிராம் போதும் என்றது குழு. அன்றைய நிர்வாகி 15-லேயே நின்றார். சொன்ன காரணம் போதாது என்று 2009-இல் நீதிமன்றம் கோப்பைத் திருப்பி அனுப்பியது.

பாடம் புரிந்திருக்கும். குழுவை மறுத்தால் விளக்கம் எழுத வேண்டும். குழுவே உங்கள் பக்கம் பேசினால் ஒரு வரிகூட வேண்டாம். பாம்பும் சாகாது, கம்பும் முறியாது.

ஆள் பொறுக்குவதற்கு 2017-இல் அன்றைய நிர்வாகி ஸ்காட் ப்ரூயிட் காட்டிய வழி இன்றும் பார்க்கத் தக்கது. முகமையின் ஆய்வு நிதி பெறுகிறவர்கள் அதன் ஆலோசனைக் குழுக்களில் உட்காரக் கூடாது என்று உத்தரவிட்டார். விவிலியத்து யோசுவாவைத் துணைக்கு அழைத்து, யாருக்கு ஊழியம் செய்வதென்று தேர்ந்துகொள்ளுங்கள் என்கிற தோரணையில் பேசவும் செய்தார். காற்று மாசை ஆராய்கிற பல்கலைக்கழகக்காரர்களில் நல்ல பங்கு பேர் முகமையின் நிதியில்தான் ஆராய்ந்துவந்தார்கள். அவர்கள் வெளியே. பெட்ரோலிய நிறுவனங்களின் பணத்தில் ஆராய்ந்தவருக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம். பின்னால் நீதிமன்றங்கள் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டன என்பது உண்மைதான், ஆனால் அது 2020-இல். அதற்குள் நாற்காலிகளில் புது ஆட்கள் உட்கார்ந்து பழகியிருந்தார்கள்.

அடுத்து, துணைக்குழு. எல்லாத் துறையும் ஏழு பேருக்குத் தெரியாது என்பதால், நுண்துகளுக்கென்று இருபது பேர் அளவில் ஒரு நிபுணர் குழு உதவிக்கு இருந்தது. ப்ரூயிட்டுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ வீலர், முன்பு நிலக்கரிக் கம்பெனிக்காக வாஷிங்டனில் பரிந்து பேசியவர், 2018 அக்டோபரில் அதைக் கலைத்தார். மிச்சமிருந்த ஏழு பேரில் நோய்ப்பரவலியல் நிபுணர் ஒருவர்கூட இல்லை. மனிதர்கள் எதனால் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது அந்தத் துறையின் வேலை, இல்லாமலிருப்பது வசதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்களே பொறுக்கிய ஆட்களுக்கும் மனசாட்சி தலைதூக்கும். 2019 ஏப்ரலில் அந்த ஏழு பேர் குழுவே, இந்த வேலைக்கு எங்களிடம் போதிய நிபுணத்துவம் இல்லை, கலைத்த குழுவையோ அதுபோன்ற இன்னொன்றையோ கொடுங்கள் என்று வீலருக்குக் கடிதம் எழுதியது. பதறாதீர்கள். அவர் பன்னிரண்டு ஆலோசகர்களை நியமித்து, கேள்வி இருந்தால் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் மீதும் ஒரு கண் இருக்கட்டும். வீலரால் கலைக்கப்பட்டவர்கள் சரியாக ஓராண்டு கழித்து, வாஷிங்டன் அருகே ஒரு ஹோட்டலில் தாங்களாகவே கூடினார்கள். கிறிஸ் ஃப்ரே தலைமையில் முகமை செய்ய வேண்டிய ஆய்வைச் செய்து, அளவு 8-க்கும் 10-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். சம்பளமோ அதிகாரமோ இல்லாமல் இப்படி வேலை பார்ப்பவர்களை எந்த நிர்வாகச் சூத்திரமும் முன்கூட்டிக் கணிப்பதில்லை.

ஆய்வையே ஆட்டிப் பார்க்கவும் வழி உண்டு. 1993-இல் வெளிவந்த ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து கவனித்து, மிக மோசமான காற்றுள்ள நகரத்தில் இறப்பு விகிதம் 26 சதவீதம் கூடுதல் என்றது. கலந்துகொண்டவர்களின் மருத்துவ விவரங்களை ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஆய்வே நடந்தது. ‘வெளிப்படைத்தன்மை வேண்டும், மூலத் தரவைக் காட்டு’ என்று விதி போட்டால் இத்தகைய ஆய்வின் எடை தானாகக் குறைந்துவிடும். 2021 ஜனவரியில் அப்படித்தான் விதி வந்தது. பிப்ரவரி முதல் தேதி நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. ஆட்சியின் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

பலன்? இடையில் 15-இலிருந்து 12-க்கு இறங்கியிருந்த அளவு 2020 டிசம்பரில் அங்கேயே நின்றது. பிறகு ஆட்சி மாறியது. புதிய நிர்வாகி மைக்கேல் ரீகன் 2021 மார்ச்சில் குழு உறுப்பினர்கள் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டுப் புதியவர்களைப் போட்டார். 2024-இல் அளவு 9 ஆனது. ஹோட்டலில் கூடிய ஃப்ரே அதற்குள் முகமையின் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவராகியிருந்தார். ரீகனின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை, அறிவியலும் அவர் பக்கம்தான். ஆனால் மொத்தமாகக் கலைப்பதை ஒரு வழக்கமாக்கியதில் அவருக்கும் பங்குண்டு. 2025 ஜனவரியில் புதிய நிர்வாகம் அவர் போட்ட குழுவையும் அதே போல அனுப்பியது.

ஆகவே பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது பெயர், தேதி, கட்சி எதையும் நிரப்பாமல் ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவரின் செயலாளர் முதல் நாளே அதைத் தேடுவார்.