சாவித்திரியைத் திருப்பி அனுப்பு

அத்தையின் தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருக்கும். அதற்கும் அடியில் சாவித்திரி இருந்தார். ‘பேசும் படம்’ இதழிலிருந்து கத்தரித்த படம். தாத்தா இருந்தவரை அந்த முகம் வெளிச்சம் பார்த்ததில்லை. சினிமாக்காரி படத்தைச் சுவரில் மாட்டினால் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கட்சி. ஆனால் சாவித்திரி நடித்து 1961இல் வந்த ‘பாசமலர்’ எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸை எட்டியபோது, அதே தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்ததை அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். “தூசி விழுந்திருச்சாம்” என்பாள்.

எழுபதுகளில் எனக்கு ஸ்டாம்ப் பைத்தியம். வீட்டுக்கு வரும் உறையின் மூலையைக் கிழித்து, கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்ப்பை உரித்துக் காயவைப்பேன். எங்கள் ஸ்டாம்ப்பில் தலைவர்கள், அணைக்கட்டுகள், டிராக்டர்கள். ஒருநாள் வகுப்பில் ஒருவனுக்கு மூன்று ‘மக்யார் போஸ்தா’ (ஹங்கேரி ஸ்டாம்ப்) கொடுத்து, மொனாக்கோ நாட்டு ஸ்டாம்ப் ஒன்று வாங்கிவந்தேன். இளவரசர் ரெய்னியரும் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லியும். 1956இல் நடந்த கல்யாணத்துக்காகப் போட்டது. அத்தை வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“இவளும் சினிமாக்காரிதானேடா?”

“ஆமாத்தை. ராஜாவைக் கட்டிக்கிட்டா.”

“நம்மாளும் மன்னனைத்தான் கட்டிக்கிட்டா” என்றாள்.

காதல் மன்னன் ஜெமினி கணேசனைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சில வருஷம் பிடித்தது.

அத்தைக்குச் சாவித்திரியின் கண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது, குறும்புதான் பிடிக்கும். பானுமதி நடிக்க வேண்டிய வேடம் கைமாறி வந்த ‘மிஸ்ஸியம்மா’வின் அந்தச் சிடுசிடுப்பு. ‘மாயாபஜா’ரில் வத்சலையின் உருவத்தில் கடோத்கஜன் வந்து நிற்க, அந்தச் சின்ன உடம்புக்குள், கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் தோள் அசைவையும் நடையையும் கொண்டுவந்த இடம். அத்தை அதைச் சமையலறையில் கரண்டியோடு நடித்துக் காட்டுவாள். குண்டூர்ப் பக்கத்துச் சிர்ராவூரில் பிறந்து, முதலில் கிடைத்த பெரிய வாய்ப்பைப் பதற்றத்தில் கோட்டைவிட்ட பெண் அவர். பிறகு நடிகையர் திலகம் ஆனார். 1971இல் ‘பிராப்தம்’ படத்தைத் தானே தயாரித்து இயக்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அதற்கப்புறம் நடந்ததை அத்தை பேசவிட மாட்டாள்.

1981 டிசம்பர் 26. ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக நினைவில்லாமல் கிடந்து சென்னையில் இறந்துபோனார். அத்தை தன் சிநேகிதிக்குப் பதினைந்து பைசா கார்டில் துக்கம் எழுதிப் போட்டாள். கார்டில் அச்சிட்டிருந்த தலைக்கு நேரே தபாலாபீஸ் முத்திரை விழுந்திருக்கும். அப்போதெல்லாம் முத்திரை ஒழுங்காக விழும்.

ஸ்டாம்ப் வரிசையில் நம்மவர்கள் நகர்ந்ததைச் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். 1990. சிவாஜி 2001. 2005இல் காலமான ஜெமினி கணேசனுக்கு மறு வருஷமே, 2006இல். அவருக்கு இருபத்துமூன்று வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்த சாவித்திரிக்கு 2011 பிப்ரவரி 13. இந்த வரிசையிலும் மன்னருக்குப் பின்னால்தான் ராணி. அதுவும் தனியாக இல்லை: தேவிகா ராணி, கானன் தேவி, நூதன், மீனாகுமாரி, லீலா நாயுடு ஆகியோரோடு ஆறில் ஒருவராக, ஆளுக்கு ஐந்து ரூபாய் மதிப்பில். அந்த ஸ்டாம்ப்புகள் வெளியான டில்லி தபால்தலைக் கண்காட்சியில்தான் ‘மை ஸ்டாம்ப்’பும் அறிமுகமானது. பணம் கட்டினால் யார் முகத்தையும் ஸ்டாம்ப்போடு சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். கிடைத்த மரியாதையோடு கொசுறும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தபாலாபீஸில் போய்ச் சாவித்திரி ஸ்டாம்ப் கேட்டேன். “ஸ்பீட் போஸ்ட்டுன்னா ஸ்டிக்கர் ஒட்டிக்குவோம் சார், ஸ்டாம்ப் எதுக்கு?” என்றார்கள். சாவித்திரியா, எந்தச் சாவித்திரி என்றும் கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் கிடைத்தது. இரண்டு வாங்கிப் போய் அத்தையிடம் கொடுத்தேன். “சர்க்காரே ஒட்டச் சொல்லிருச்சா!” என்றவள், தாத்தா படத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டையும் தகரப் பெட்டியில், செய்தித்தாளுக்கு அடியில் வைத்தாள். பழக்கம்.

2018இல், சாவித்திரியாகக் கீர்த்தி சுரேஷ் நடித்த ‘நடிகையர் திலகம்’ படம் வந்தது. அத்தையின் பேத்தி பார்த்துவிட்டு வந்தாள். பாட்டி ஆசையாக ஸ்டாம்ப்பை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பேத்தி உற்றுப் பார்த்து, “பரவால்ல பாட்டி, கீர்த்தி சுரேஷ் சாயல் கொஞ்சம் இருக்கு” என்றாளாம்.

இது எனக்குத் தெரியவந்தது கடிதத்தில். செல்போனில் சொன்னால் பக்கத்தில் இருக்கும் பேத்திக்குக் கேட்டுவிடுமே. ஏழு வருஷம் கழித்தும் உறைக் கடிதத்துக்கு அதே ஐந்து ரூபாய்தான். சாவித்திரி ஒருவரே போதுமானவராக இருந்தார். பின்பக்கப் பசையை நம்பாமல் அத்தை சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள். முத்திரையைக் காணோம். அதற்குப் பதிலாக யாரோ பால்பாயிண்ட் பேனாவால் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

உள்ளே பிள்ளையார் சுழி, ஆசீர்வாதம், பேத்தி மேல் ஒன்றரைப் பக்கப் புகார். அடியில் ஒரு வரி: ‘பத்திரமாக ஊறவைத்து உரித்து, சாவித்திரியைத் திருப்பி அனுப்பு.’