சலுகைச் சீட்டும் தூக்கமும்: அத்திப்பட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

மேடையில் ஆள் நின்று பாடி நடிக்கும் இசை நாடகத்தைக் குறைந்த காசில் பார்ப்பது எப்படி என்பதே இங்கு ஆய்வுப்பொருள். களம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டு. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், கண்டெய்னர் லாரிகளும், கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கும் ஸ்டேஷனும் கொண்ட ஊர். ‘சிட்டிசன்’ (2001) படத்தில் வரைபடத்திலிருந்து காணாமல்போகும் அத்திப்பட்டி வேறு. இந்த அத்திப்பட்டு இருக்கிறது, ரயில் டைம்டேபிளே சாட்சி.

கருதுகோள் இது: டிக்கெட்டில் விட்டதைத் தூக்கத்தில் பிடித்துவிடுவார்கள்.

வெளிநாட்டுச் சான்றுகளை விரைந்து கடப்போம். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் ஒரு சாவடி, அன்றைய காட்சிக்கு மீந்துபோன டிக்கெட்டுகளைப் பாதி விலை வரை குறைத்து விற்றுவருகிறது. 1980இல் லண்டனும் லெஸ்டர் சதுக்கத்தில் ஒன்றைத் திறந்தது. அங்கே வரிசையில் நிற்பவருக்குக் கால்தான் கடுக்கும். வியன்னா அரசு ஆப்பராவில் நின்றபடியே பார்க்க மலிவுச் சீட்டு உண்டு. நின்றுகொண்டே தூங்கும் கலை ஐரோப்பாவில் இன்னும் வளரவில்லையாதலால், இவற்றை விதிவிலக்காகக் கொள்க.

சென்னைக்கு வருவோம். மார்கழியில் மியூசிக் அகாதெமி உள்ளிட்ட பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. சும்மா போய் உட்காரலாம். கச்சேரியில் வேஷம் ஏது, அதை எப்படி நாடகத்தில் சேர்ப்பது என்று தடை எழுப்புவார்கள். முதல் வரிசைப் பட்டுப்புடவைகளைப் பார்த்தவர்கள் எழுப்பமாட்டார்கள். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. அத்திப்பட்டில் வேலை ஏ, பி, சி என மூன்று ஷிப்ட். காலை 6 மணிக்கு உள்ளே போன ஏ ஷிப்ட் ஆசாமி 2 மணிக்கு வெளியே வந்து, லோக்கலில் சென்ட்ரல் போய், பறக்கும் ரயில் பிடித்து மயிலாப்பூரில் இறங்குவதற்குள் மங்களம் பாடியிருப்பார்கள். பி ஷிப்ட்காரர் அந்நேரம் மெஷின் முன்னால் நிற்பார். மதியம் முழுக்க ஓய்வாக இருப்பவர் சி ஷிப்ட்காரர் ஒருவர்தான். இரவெல்லாம் விழித்தவரை ஏசி ஹாலில் மெத்தென்ற நாற்காலியில் உட்காரவைத்து, தாலாட்டு ராகமான நீலாம்பரியும் பாடினால் என்ன ஆகும்? தனி ஆவர்த்தனத்துக்குத்தான் கண் திறப்பார். அவர் தலை ஆடியதைப் பக்கத்து மாமா ரசனை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

தென் மாவட்டங்களில் இந்த விதி இன்னும் கறாராகச் செல்லுபடியாகிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ அங்கே கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக இன்றும் விடிய விடிய நடக்கிறது. சம்பளம் விழாக் கமிட்டி பொறுப்பு. பார்ப்பவருக்குக் காலணா செலவில்லை. ஆனால் பபூனும் டான்ஸும் முடிந்து, வள்ளியும் நாரதரும் தர்க்கத்துக்கு எதிரெதிரே நிற்க நள்ளிரவு தாண்டிவிடும்.

நம் வட மாவட்டங்களுக்கு வாய்த்தது, திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்து. ஆய்வாளர் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். சினிமாவில் காசு குறைந்தவர் முன்னால் உட்காருவார், சபாவில் பின்னால் உட்காருவார். கூத்தில் பாயை முதலில் விரித்தவர் முன்னால். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று துரியோதனன் பாடிக்கொண்டே வருகிறான். முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், பிறகு புஜக்கட்டை, அப்புறம் சலங்கைச் சத்தம். திரை விலகும்போது முன்வரிசைப் பிள்ளைகளில் பாதி தூங்கிப்போயிருக்கும். மீதியைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளூர் ஆட்களைக் கிண்டலடித்துத் தட்டியெழுப்புவான். மூன்று மணிக்கு ஆர்மோனியக்காரருக்குக்கூடக் கொட்டாவி வரும், கட்டை மட்டும் இறங்காது. ‘அர்ச்சுனன் தபசு’ என்றால் இன்னும் மோசம். அர்ச்சுனன் நட்டுவைத்த தபசு மரத்தில் பாடிப்பாடி ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் எழுந்து போக எவருக்கும் மனம் வராது.

இலவசம் என்பதும் முழு உண்மை அல்ல. யாராவது நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால், கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வான். பக்கத்துப் பாயில் இருக்கும் பங்காளி சும்மா இருப்பாரா? இந்த வகைச் செலவைத் தனி ஆய்வுக்கு ஒதுக்கிவிடலாம்.

மூன்று ஷிப்டையும் கூத்தோடு வைத்துப் பார்த்தால் பி ஷிப்டே உத்தமம். 10 மணிக்குக் கார்டு பஞ்ச் செய்துவிட்டு வந்தால், அப்போதுதான் மத்தளம் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும். விடிந்ததும் வீட்டுக்குப் போய் மதியம் வரை தூங்கலாம். மறுநாள் ஷிப்ட் மாறி ஏ விழுந்தவர்தான் தபசு மரத்தடியிலிருந்து நேரே 6 மணி கேட்டுக்கு ஓட வேண்டும். எனவே ஷிப்ட் சார்ட் போடும் சூப்பர்வைசர், திரௌபதி அம்மன் திருவிழா நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்க வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. நோட்டீஸில் அவர் பெயரையும் உபயதாரர் வரிசையில் போட்டுவிட்டால் காரியம் எளிதாகும்.