23 என்றால், 23 என்ன?

பெறுநர்:
லேபிள் ஒப்புதல் அதிகாரி அவர்கள்,
ஆல்கஹால், புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகம்,
வாஷிங்டன், அமெரிக்கா.

பொருள்: ரம் பாட்டில்களில் அலகு இல்லாமல் திரியும் எண்களுக்குத் தாங்கள் அளித்துவரும் அடைக்கலத்துக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அமெரிக்கக் கடையில் ஒரு ரம் பாட்டில் ஏறவேண்டுமென்றால் அதன் லேபிள் முதலில் தங்கள் மேசையில் ஏறி இறங்கவேண்டும். சாதாரண பாட்டிலில் எச்சரிக்கை வாசகத்தின் எழுத்து 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால்கூட விடமாட்டீர்கள். நான்கு வயது நிரம்பாத விஸ்கி தன் வயதை ஒப்புக்கொண்டே தீரவேண்டும். ரம்முக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வயதைச் சொல்வதானால், கலவையில் இருப்பதிலேயே இளைய சரக்கின் வயதைத்தான் சொல்லவேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2019இல் கொண்டுவந்த சட்டத்தில் இதையேதான் எழுதிவைத்திருக்கிறது. இவ்வளவு கறாரான விதியை யாரால் தாண்ட முடியும் என்று நினைத்திருந்தேன். ‘ஆண்டு’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டால் போதுமாமே!

குவாத்தமாலாவின் ரோன் சகாப்பாவை எடுத்துக்கொள்வோம். அந்த பாட்டிலில் ஒருகாலத்தில் ‘23 ஆண்டுகள்’ என்று ஸ்பானிஷில் பளிச்சென்று இருந்தது. இப்போது ‘சொலேரா முறை 23’ என்று இருக்கிறது. (சொலேரா என்பது பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தை இளைய சரக்கால் நிரப்பிக்கொண்டே போகும் முறை.) உள்ளே 6 முதல் 23 ஆண்டு வரை பீப்பாயில் கிடந்த ரம்கள் கலந்திருப்பதாகத் தயாரிப்பாளரே சொல்கிறார், மறைக்கவில்லை. தங்கள் விதிப்படி இதற்கு ஒரு வயது உண்டென்றால் அது 6. ஆனால் லேபிளில் இருப்பது வயது என்று யார் சொன்னார்கள்? 23 என்றுதானே இருக்கிறது? அது 23 எதுவாகவும் இருக்கலாம். அந்த ரம்மை முதிரவைக்கும் கிடங்கு கெட்சால்டெனாங்கோ மலையில், கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹெக்டோமீட்டரில் கணக்கிட்டால் 23 சரியாகவே வருகிறது. இந்த விளக்கத்தைத் தங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம், கட்டணம் வேண்டாம்.

மாத்துசலேம் என்றொரு பிராண்ட், 1872இல் க்யூபாவின் சாண்டியாகோவில் பிறந்தது. பைபிளில் 969 வருஷம் வாழ்ந்த மெத்தூசலாவின் பெயர்தான் அதற்கு. அவர்களும் 15, 23 என்று சொலேரா எண்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 969 என்று அச்சடித்திருந்தால் தாங்கள் என்ன செய்திருப்பீர்களோ!

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொள்ளைப் பிரியம். எங்கள் வீட்டில் பாட்டிக்கு 90 வயது. தொட்டிலில் கிடக்கும் பேரன் உட்பட மொத்தக் குடும்பத்துக்கும் முதியோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். குடும்பம் சொலேரா முறையில் நடக்கிறது என்று எழுதினால் தாலுகா அலுவலகத்தில் ஏற்பார்களா என்பதுதான் சந்தேகம்.

கணக்குப் பிரியர்களுக்காக ஒன்று. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றிலிருந்து ஆண்டுதோறும் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புது ரம்மால் நிரப்புகிறோம் என்று வையுங்கள். இப்படி 23 முறை செய்தபின், முதன்முதலில் ஊற்றிய ரம்மில் எவ்வளவு மிஞ்சும்? மொத்தப் பீப்பாயிலும் சேர்த்து 0.024 மில்லிலிட்டர். அதாவது ஏறக்குறைய அரைத் துளி. சராசரி வயதோ 2 ஆண்டைத் தாண்டாது. நிஜ சொலேராவில் பீப்பாய்கள் பல அடுக்காக இருக்கும், எடுக்கும் அளவும் குறைவாக இருக்கும், எனவே நிலைமை இவ்வளவு மோசமில்லை. எவ்வளவு மோசமில்லை என்பதுதான் லேபிளில் இல்லை.

சொலேராவே மோசடி என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். அது ஷெர்ரி ஒயினின் பிறந்த ஊரான ஸ்பெயினின் ஹெரெஸில் தழைத்த கலை. அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து 20, 30 ஆண்டு ஷெர்ரிகளுக்குத் தனிச் சான்றிதழ் தருகிறார்கள். 30 ஆண்டு என்று போட வேண்டுமா? ஒரு லிட்டர் எடுத்தால் சொலேராவில் 30 லிட்டர் மிச்சமிருக்க வேண்டும். நிபுணர் குழு ருசி பார்க்கும். கார்பன்-14 சோதனையும் உண்டு. சொல்லப்படுவது சராசரி வயதுதான், ஆனால் அந்தச் சராசரிக்குக் கணக்கு இருக்கிறது. ஒயின்காரர்கள் வீணாக உடம்பை வருத்திக்கொள்கிறார்கள். ரம் பக்கம் வந்திருந்தால் ஓர் எண்ணோடு வேலை முடிந்திருக்கும்.

நாக்கிருக்க நம்பர் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கேரமல் சேர்க்கத் தங்கள் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ருசியில் கொஞ்சம் பிடிபடும். ஓக் மரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த ரம் நாக்கின் ஓரங்களை வறட்டும். கடைவாயில் லேசாகத் துவர்க்கும். புகையிலையும் பழைய தோலும் காய்ந்த ஆரஞ்சுத் தொலியும் மணக்கும். விழுங்கியபிறகும் வெகுநேரம் போகாது. சர்க்கரையால் முதுமை வேஷம் கட்டிய ரம், வெனிலா வாசனையோடு வழுவழுவென்று இறங்கி, உதட்டில் பிசுபிசுப்பை விட்டுவிட்டுக் காணாமல் போகும். சந்தேகமிருந்தால் ஒரு தட்டில் சில துளி விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் விரல் ஒட்டிப்பிடித்தால் அது மரம் செய்த வேலை இல்லை. ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள்: லேபிளில் 40 சதவீதம் என்றிருக்க, கருவி 35 காட்டினால், நடுவில் சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மதுக்கடை நடத்துவது அரசாங்கம். லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அவர்களே ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். (தமிழ்நாட்டிலும் கடை நடத்துவது அரசாங்கம்தான். இந்தக் கேள்வியை அங்கே போய்க் கேட்கவேண்டாம்; பின்னால் வரிசை நிற்கும்.)

இத்தனையும் மரத்தைக் காட்டும், சர்க்கரையைக் காட்டும், வருஷத்தைக் காட்டாது. கரீபியன் வெக்கையில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் ஆவியாகிப் போகும், ஸ்காட்லாந்தில் 2 சதவீதம். மரத்தின் சாரம் இறங்கும் வேகமும் அப்படியே. பார்பேடோஸில் 8 ஆண்டு கிடந்தது ஸ்காட்லாந்தில் 15 ஆண்டு கிடந்ததைவிடக் கிழடு தட்டியிருக்கக்கூடும். எந்த நாக்கு இதைப் பிரித்துச் சொல்லும்? அந்த 6 சதவீதக் கணக்கில் 200 லிட்டர் 23 ஆண்டில் 48 லிட்டராகச் சுருங்கிவிடும். சகாப்பாவின் மலைக்குளிரில் இழப்பு குறையும், சரி. ஜமைக்காவின் ஆப்பிள்டன் 1962இல் பீப்பாயில் அடைத்ததை 2012இல் பாட்டிலில் அடைத்தபோது 800 பாட்டில்தான் தேறியது. விலை 5,000 டாலரைத் தொட்டது. நிஜ முதுமைக்கு விலை இப்படித்தான் இருக்கும்.

ஆகவே தாழ்மையான கோரிக்கை. எண்ணுக்கு அலகு தேவையில்லை என்ற தங்கள் கொள்கையை வாடிக்கையாளருக்கும் விரிவுபடுத்த வேண்டுகிறேன். அடுத்தமுறை கல்லாவில் நான் ஒரு தாளில் ‘60’ என்று எழுதிக் கொடுப்பேன். 60 என்ன என்று கடைக்காரர் கேட்கக்கூடாது. அது முடியாதென்றால், இளைய சரக்கின் வயதைப் போடச் சொல்லுங்கள். அல்லது ஹெரெஸைப் போலச் சராசரியையும், ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதையும். எழுத்து 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நுகர்வோர் ஒருவர், 90 (சொலேரா)