நடந்து காட்டும்மா

அண்ணன் மகள் விளையாட்டு விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். பையில் துணியைவிடக் காகிதம் அதிகம். எல்லாவற்றிலும் அவளைப் பற்றி ஏதாவது ஓர் எண். முப்பது மீட்டர் ஓட எத்தனை நொடி, அதில் முதல் பத்து மீட்டருக்கு எத்தனை, நின்ற இடத்தில் எம்பினால் எத்தனை சென்டிமீட்டர். யோ-யோவில் 1,120 மீட்டர். "ஒரு பீப்பை விட்டுட்டேன் அத்தை, இல்லேன்னா 1,160" என்று வருத்தப்பட்டாள். சாப்பாட்டில் எத்தனை முட்டை என்று கேட்டேன். அது எந்தத் தாளிலும் இல்லை.

யோ-யோ என்றதும் நான் பம்பரத்துக்குத் தங்கச்சி என்று நினைத்தேன். இது டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த வதை. இருபது மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். பீப் ஒலிக்கும்போது கோட்டில் இருக்க வேண்டும். பிறகு 10 நொடி இளைப்பாறல், அதுவும் ஐந்து மீட்டர் நடந்து போய் வந்தபடி. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, பீப் நெருங்கிக்கொண்டே வரும். இரண்டு முறை பிந்தினால் வெளியே. கால்பந்தில் யாரும் ஒரே சீராக ஓடுவதில்லை, விட்டு விட்டுத்தான் ஓடுகிறார்கள். அதனால் சோதனையும் அப்படி.

எங்கள் கால்பந்து அணியின் சோதனை வேறு. கடலூரில், 1991-இல், பள்ளி மைதானத்தை நாலு சுற்று. டீச்சரிடம் விசில் இருந்தது, கடிகாரம் இல்லை. கடைசியாக வருகிறவள் குடத்தை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது தண்டனை. அந்த வீட்டுப் பாட்டி, குடம் நிறைவதற்குள் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிடுவார். ஆகவே எங்கள் அணியில் உண்மையான போட்டி கடைசி இடத்துக்குத்தான். எங்கள் ஸ்டாமினாவுக்கு இன்று ஏதாவது ஆதாரம் வேண்டுமென்றால் அந்தப் பாட்டியின் மோர்க் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அளக்கவில்லையே தவிர, பெண் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கர்ப்பப்பை இறங்கிவிடும் என்றார் எதிர்வீட்டு மாமி. அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று 1921-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே தீர்மானம் போட்டுத் தன் மைதானங்களைச் சுமார் ஐம்பது வருடம் பூட்டிவைத்தது. நாங்கள் மோருக்காக ஓடிய அதே 1991-இல் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது; ஆட்டம் 80 நிமிடம்தான். ஆண்களுக்கு 90. அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பீப் கேட்டுக் குறைத்தார்களோ. எங்களுக்கு ஐம்பதே அதிகம், ஐந்து மணிக்குப் பையன்களுக்கு மைதானம் வேண்டும்.

மாதவிலக்குக்கு அன்று எங்கள் பெயர் 'தலைவலி'. டீச்சரும் தலைவலி என்றே நோட்டில் எழுதுவார். மருமகளின் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது: தேதி, வலி, தூக்கம். குரலைத் தாழ்த்தி அதைப் பற்றிக் கேட்டேன். ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் காதில் விழும்படி விளக்கினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அண்ணன் அவளைக் கால்பந்து ஆட விட்டதே, எங்கள் ஊர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடி, போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆன பிறகுதான். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வீழ்த்தி தேசியப் பட்டம் வென்றபோது அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எல்லாருக்கும் வேலை கொடுப்பாங்களா?"

என் ஆட்டம் முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பந்தைத் தலையால் தட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினேன். முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கிவிட்டது. சுளுக்கு என்றார்கள். மூன்று வெள்ளிக்கிழமை எண்ணெய் போட்டு வழித்துவிட்டார்கள். ஊரறிய முட்டி சரியாகிவிட்டது. படி இறங்கும்போது மட்டும் அது தன்னிஷ்டத்துக்குப் போகும்.

ஐந்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. சமையலறை நிலையிலிருந்து ஜமக்காளம் வரை, ஐந்து மீட்டர் இருக்கும். கையில் காபித் தட்டு. ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரியம்மா தலையசைத்தார்.

இப்போது முட்டிக்கும் ஒரு சோதனை இருக்கிறதாம். பெட்டி மேலிருந்து குதிக்கச் சொல்லி, முன்னாலிருந்து படம் பிடிக்கிறார்கள். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பதற்கு. ஏசிஎல் என்கிற தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதைத் தடுக்க ஃபிஃபா 11+ என்று இருபது நிமிடப் பயிற்சி. இவள் அதைக் காலையில் வாசலிலேயே செய்கிறாள், கோலத்தை மிதித்துக்கொண்டு.

"நீயும் குதி அத்தை" என்று திண்ணையின் கீழ்ப்படியில் நிறுத்தினாள். ஒரு ஜாண் உயரம். குதித்தேன். போனில் மெதுவாக ஓட்டிக் காட்டினாள். வலது முட்டி, இடது முட்டியிடம் ரகசியம் சொல்லப் போவதுபோல் உள்ளே சாய்ந்தது. அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்பு போய்விட்டது.

"இது எப்போ ஆச்சு அத்தை?"

"தொண்ணூத்தொண்ணுல."

"யாருமே பாக்கலையா?"

"பாத்தாங்களே. பாஸ்னாங்க."