கேள்வி கேட்டதற்குக் கைதா?

கேள்வி: பேச்சுரிமைக்குப் பேர்போன அமெரிக்காவில், கேள்வி கேட்டவரைக் கைது செய்த அதிகாரி தண்டனையில்லாமல் தப்ப முடியுமா?

பதில்: முடிகிறது. டெக்சாஸின் லாரெடோ நகரில் பிரிஸில்லா வில்லாரியல் என்ற செய்தியாளர், இறந்துபோன ஒருவரின் பெயரைப் போலீஸ் அதிகாரியிடம் கேட்டு உறுதிசெய்து வெளியிட்டார். வெளியாகாத தகவலைக் கேட்டது ஒரு சட்டப்படி குற்றம் என்று 2017-ல் அவரைக் கைது செய்தார்கள். அந்தச் சட்டமே தெளிவற்றது என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். சரி, நஷ்டஈடு கேட்டு அவர் தொடுத்த வழக்கு? அங்கேதான் முட்டுக்கட்டை. அதிகாரி செய்தது உரிமை மீறல் என்பது முன்பே சட்டத்தில் ஐயமற நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அதிகாரிக்குப் பாதுகாப்பு. 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 9-7 என்று அதிகாரிகள் பக்கம் நின்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி பார்க்கச் சொல்லியும், 2025-ல் அதே முடிவுதான்.

சட்டம் தெரியாது என்று குடிமகன் சொன்னால் செல்லாது; சட்டத்தைக் காக்கச் சம்பளம் வாங்குபவர் சொன்னால் செல்லுமாம்! வேலியே பயிரை மேய்ந்தால் வேலியைத்தான் கேட்க வேண்டும். கேள்வி கேட்பது குற்றமல்ல என்று தெரிந்துகொள்ள எந்த அதிகாரிக்கும் முன்தீர்ப்பு தேவையில்லை.